சம்பளமும் சதவீதமும்

ஸ்வீடன் தேசத்துப் பல்கலைக்கழகங்களில் டாக்டர் பட்டத்துக்கான ஆராய்ச்சி ஒரு படிப்பாக இருப்பதோடு ஓர் உத்தியோகமாகவும் இருக்கிறது. இடம் உண்டானதும் மற்ற உத்தியோகங்களைப் போலவே பகிரங்கமாக விளம்பரம் செய்கிறார்கள். விண்ணப்பிப்பவர் எந்நாட்டவராயினும் கல்விக் கட்டணம் கிடையாது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் மாதச் சம்பளமும் விடுப்பும் பெறும் ஊழியராகிவிடுகிறார். நான்கு ஆண்டு முழுநேர ஆராய்ச்சி, அதனோடு ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படாத போதனை முதலிய துறைப் பணிகள், ஆகமொத்தம் ஐந்தாண்டு என்பது அங்கே வழங்கும் கணக்கு. மின்சக்தியைச் சிக்கனமாகச் செலவிடும் கணினிக் கட்டமைப்பு என்னும் துறையில், கோத்தன்பர்க் நகரத்துச் சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் உப்சாலா பல்கலைக்கழகமும் இந்த முறையில்தான் ஆராய்ச்சியாளர்களை உருவாக்கி வருகின்றன. முறை பாராட்டத்தக்கது என்பதில் எனக்கு ஐயமில்லை. அதன் கடிகாரம் ஆராய்ச்சியின் குணத்தை எவ்விதம் மாற்றுகிறது என்பதில்தான் எனக்கு ஆட்சேபம் உண்டு.

இத்துறைக்கு இவ்வளவு கிராக்கி ஏற்பட்ட காரணத்தை முதலில் சொல்லிவிடவேண்டும். டிரான்சிஸ்டர் சிறுக்கச் சிறுக்க அதற்கு வேண்டிய மின்னழுத்தமும் குறையும், ஆகையால் சில்லின் சதுர அளவுக்கு விழும் வெப்பம் அதிகரிக்காது என்று 1974-இல் ராபர்ட் டென்னார்டும் அவருடைய சகாக்களும் வகுத்துக் காட்டிய விதி, முப்பது ஆண்டுக்காலம் இத்தொழிலைச் சுமந்து வந்தது. இந்த நூற்றாண்டின் முதற்பத்தாண்டின் நடுவில் அது கைவிட்டது. இன்டெல் நிறுவனம் தயாரித்துக்கொண்டிருந்த தேஜஸ் என்ற செயலியை, வெப்பம் கட்டுக்கடங்காததால், 2004-இல் ரத்து செய்தது. அது முதல், சக்தியை மிச்சப்படுத்தும் பொறுப்பு கட்டமைப்பாளரின் தலையில் விழுந்தது. அவர் கையில் மிச்சப்படுத்த எவ்வளவு கிடக்கிறது என்பதை ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் மார்க் ஹொரோவிட்ஸ் 2014-இல் தந்த ஒரு கணக்கு காட்டும். 45 நானோமீட்டர் சில்லில் ஒரு கூட்டல் ஆணையை நிறைவேற்ற ஏறக்குறைய 70 பிக்கோஜூல் செலவாகிறது. அதில் கூட்டல் என்னும் காரியத்துக்கு மட்டும் ஆகும் செலவு 0.1 பிக்கோஜூல்தான். ஆணையைக் கேஷ் நினைவகத்திலிருந்து எடுத்துவர 25, பதிவேடுகளைத் தொட 6, எஞ்சியது மேற்பார்வைக்கு! தாலிக்கு வாங்கிய பொன்னின் விலையைப் போல எழுநூறு மடங்கைப் பந்தலும் மேளமும் விழுங்கிவிடும் கல்யாணம் இது. இதைக் கண்ட இளைஞனுக்கு ஆராய்ச்சி ஆசை பிறவாதிருக்குமானால்தான் ஆச்சரியம்.

அந்த ஆசைக்குச் சோறு போடுவது ஸ்வீடன் முறையின் முதற்சிறப்பு. உபகாரச் சம்பளம் எப்போது நின்றுபோகுமோ என்ற கவலை அங்கே இல்லை. குறைந்தது இரண்டு வழிகாட்டிகளை நியமிக்கவேண்டும் என்பதும், வேண்டுமானால் வழிகாட்டியை மாற்றிக்கொள்ளலாம் என்பதும் விதிகளாகவே எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு தனிமனிதரின் தயவில் ஐந்து வருஷம் தொங்கிக் கிடக்கும் நிலையை நம் ஊர்ப் பக்கம் கண்டவர்களுக்கு இதன் அருமை விளங்கும். இறுதியில், வெளியிலிருந்து அழைக்கப்பட்ட எதிர்வாதி ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் ஆய்வேட்டைக் குடைந்து கேட்கிறார். பலனும் வெறும் காகிதத்தோடு நின்றுவிடவில்லை: கேஷில் தங்கும் தகவல்களைப் புள்ளியியல் முறையில் சுருக்கி வைக்கும் உபாயத்தை ஏஞ்சலோஸ் அரெலாகிஸ் என்ற மாணவரும் பெர் ஸ்டென்ஸ்ட்ரோம் என்ற பேராசிரியரும் சால்மர்ஸில் ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள், அந்த ஆராய்ச்சியின் வழியில் பின்னர் ஸீரோபாயிண்ட் என்ற கம்பெனியே தோன்றியது.

குறை எங்கே என்றால், புதிய கட்டமைப்பு ஒன்றைச் சில்லாக வார்த்துப் பார்க்க வேண்டிய பணமும் காலமும் ஒரு மாணவனுக்குக் கிடைப்பது அபூர்வம். ஆகவே அவன், சில்லின் நடத்தையை மென்பொருளிலேயே போலச்செய்து காட்டும் சிமுலேட்டரை நாடுகிறான். மிச்சிகன், விஸ்கான்சின் பல்கலைக்கழகங்களின் இரண்டு சிமுலேட்டர்கள் இணைந்து 2011-இல் வெளியான ஜெம்5 இத்துறையின் பொதுச்சொத்து. அது நுணுக்கமாக ஓடும்போது வினாடிக்கு இரண்டு லட்சம் ஆணைகளை நடத்துவதாக வைத்துக்கொண்டால், ஒரு லட்சம் கோடி ஆணைகள் கொண்ட ஒரு புரோகிராமை நடத்தி முடிக்க ஏறக்குறைய 58 நாள் ஆகும். அவ்வளவு காத்திருக்க யாருக்கும் முடியாதாகையால், புரோகிராமின் முக்கியமான துண்டுகளை மட்டும் பொறுக்கி ஓட்டும் சிம்பாயிண்ட் போன்ற யுக்திகள் 2002 முதல் வழக்கத்துக்கு வந்தன. கேள்வி நேரத்தைப் பற்றியதாக இருக்குமளவும் இதில் பெரிய மோசம் இல்லை. சக்தியைப் பற்றிய கேள்வி வரும்போதோ, சிமுலேட்டர் எண்ணித் தந்த நிகழ்ச்சிகளை இன்னொரு மென்பொருளிடம் கொடுத்து வாட் கணக்காக மாற்ற வேண்டியிருக்கிறது. அதாவது, ஊகத்தின் மேல் ஊகம்.

அந்த இரண்டாம் மென்பொருள்களில் பெயர்பெற்றது 2009-இல் வந்த மெக்பாட். உண்மையான செயலிகளோடு உறுப்புவாரியாக ஒப்பிட்டபோது இருபது சதவீதத்தை ஒட்டிய வேறுபாடுகள் இருப்பதை அதன் ஆசிரியர்களே ஒளியாமல் காட்டினார்கள். 2015-இல் ஹார்வர்டு, ஐ.பி.எம். ஆராய்ச்சியாளர்கள் அதை பவர்7 செயலியின் விவரங்களோடு வைத்துப் பார்த்து, பிழைகள் எங்கெங்கே புகுகின்றன என்று பாகுபடுத்தினார்கள். இத்தகைய தராசைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்கள் முறையால் ஏழு சதவீத சக்தி மிச்சம்" என்று எழுதுவதை என்னவென்று சொல்வது?

இதற்கு ஒரு சமாதானம் உண்டு; அதை அலட்சியம் செய்யலாகாது. பழைய வடிவத்துக்கும் புதிய வடிவத்துக்கும் ஒரே தராசைப் பயன்படுத்துவதால், பிழை இருபுறமும் சமமாய் விழுந்து கழிந்துவிடும் என்பார்கள். மாற்றம் சிறிதாக இருக்கும்வரை வாதம் நிற்கும். ஆனால் மாணவன் மாற்றிய உறுப்பையே அந்த மென்பொருள் தவறாக மதிப்பிட்டிருந்தால், புதுமை அதிகமாக அதிகமாகப் பிழையும் ஒருபக்கமாகச் சாயும். ஆக, இந்தத் தராசு நம்பத்தகுந்த விடை தருவது அற்ப மாற்றங்களுக்குத்தான்! பாதிக் காலத்தில் லைசென்ஷியேட் என்ற இடைப்பட்டம், அதற்குள் ஒன்றிரண்டு கட்டுரைகள், திட்டத்துக்குப் பணம் கொடுத்தவர்களுக்கு அறிக்கை என்ற நெருக்கடியில் உள்ள ஊழியன், தனக்கு நல்ல எண் தரும் அற்ப மாற்றத்தைத் தேடினால் அவனைக் குறை கூறி என்ன பயன்? எந்தத் திட்டத்துக்கு அவன் நியமிக்கப்பட்டானோ அதன் எல்லைகூட அவன் வருவதற்கு முன்பே வேறொருவர் வரைந்தது.

மாறாக, சில்லை வார்த்தே காட்டுவோம் என்று புறப்பட்டவர்களும் இருக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி செயலித் திட்டத்தார் 2018-இல் தங்கள் வடிவத்தை இன்டெல்லின் 22 நானோமீட்டர் ஆலையிலும், பின்னர் சண்டீகரை அடுத்த மொஹாலியில் உள்ள அரசாங்க ஆலையில் 180 நானோமீட்டரிலும் வார்த்தெடுத்தார்கள். அவர்களால் மின்சாரத்தை மீட்டரில் அளக்க முடியும். ஆனால் அது ஒரு கூட்டத்தின் பல ஆண்டு உழைப்பு. தனி ஒருவனின் ஆய்வேட்டுக்குள் அடங்காது. வேண்டிய வடிவத்துக்கு மாற்றியமைக்கத்தக்க சில்லாகிய எஃப்.பி.ஜி.ஏ. பொருத்திய பலகையில் வடிவத்தை ஏற்றி ஓட்டுவது நடுவழி. 2018-இல் பெர்க்லியில் வெளியான ஃபயர்சிம் அதை மேகக் கணினிகளிலேயே சாத்தியமாக்கியது. அது வேகத்தைத் தருகிறது; ஆயினும் பலகை உண்ணும் மின்சாரம் சில்லு உண்ணப்போகும் மின்சாரம் அல்ல என்ற குறை அப்படியே நிற்கிறது.

இந்நிலையில் நான் கேட்பது அதிகமில்லை. பதவி விளம்பரத்தில் சம்பளம், காலம், போதனைப் பங்கு எல்லாம் விவரமாக இருக்கின்றன. சக்தி எதனால் அளக்கப்படும் என்பது மட்டும் பெரும்பாலும் இல்லை. அதையும் எழுதலாம். எதிர்வாதியும் ஆய்வேட்டின் சதவீதங்களுக்குப் பக்கத்தில் பிழை எல்லைகளைக் கேட்டு வாங்கலாம். விளம்பரத்தைக் கண்டு விண்ணப்பிக்கும் பட்டதாரியோ, நேர்காணலில் குளிரையும் வாடகையையும் பற்றி விசாரிப்பதற்கு முன், அந்தக் குழுவிடம் மீட்டர் பொருத்திய பலகை ஏதும் உண்டா, பிறர் வார்க்கும் சில்லில் ஒரு மூலை கிடைக்குமா என்று விசாரித்துக்கொள்வது நல்லது.