இரண்டாவது பெயரை யார் தொட்டார்கள்?

ஒரே கணிப்பொறியில் இரண்டு இயக்கமுறைமைகள் குடியிருக்கலாம் என்பது உங்களுக்குப் புதிராகத் தோன்றலாம். தமிழக அரசு 2011 செப்டம்பரில் வழங்கத் தொடங்கிய மாணவர் மடிக்கணினிகளில் விண்டோசும் 'பாஸ்' லினக்சும் வன்தட்டைப் பங்கிட்டுக்கொண்டு ஒன்றாகவே வந்தன. சென்னை சி-டாக்கும், தாம்பரத்தை அடுத்த குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்து ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் சேர்ந்து 2005-ல் தொடங்கிய மையத்தில், டெபியன் லினக்சை அடிப்படையாகக் கொண்டு உருவாகி, 2007-ல் வெளிவந்தது 'பாஸ்'.

ஏற்பாடு சிறந்தது, பயன்தான் சிறுத்துவிட்டது. பொறியை இயக்கியதும் இரண்டு பெயர்களும் திரையில் தோன்றும். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். என் மாணவர்களில் பலர் இரண்டாவதைத் தொட்டதே இல்லை. "எல்லாம் அழிஞ்சிடுமோன்னு பயம் சார்" என்றான் ஒருவன். திறந்து பார்ப்பதால் எதுவும் அழியாது. வன்தட்டின் பிரிவுகளை மாற்றும்போதுதான் ஆபத்து.

துணிந்து தொட்ட மாணவி ஒருத்திக்கோ வேறு கலக்கம். விண்டோசுக்குத் திரும்பியதும் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருந்தது! பழுதன்று. லினக்ஸ் உட்கடிகாரத்தில் கிரீன்விச் நேரத்தை எழுதிவைக்க, விண்டோஸ் அதையே இந்திய நேரமாகப் படித்துவிட்டது. தீர்க்கரேகைப் பாடத்துக்கு இதைவிட நல்ல சோதனை உண்டா? வகுப்பில் இதைச் சொல்லாதது எங்களைப் போன்ற ஆசிரியர்களின் குற்றமே.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. வீட்டிலுள்ள பழைய பொறியைக் காயலான் கடைக்குப் போடுமுன், லினக்சைப் பென் டிரைவில் ஏற்றி, வன்தட்டைத் தொடாமலே இயக்கிப் பாருங்கள். வைஃபையும் ஒலியும் சரியாக இருந்தால் விண்டோசுக்குப் பக்கத்தில் குடிவைக்கலாம். அதற்குமுன் உங்கள் கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்துவிடுங்கள்.