சின்னக் கப்பல் என்றால் எவ்வளவு சின்னது?

அண்டார்டிகா போகிற கப்பல் கம்பெனிகளின் ப்ரோஷர்கள் எல்லாவற்றிலும் ஒரே பென்குவின்தான் இருக்கிறது. தலையைச் சற்றே சாய்த்து, 'வந்துட்டீங்களா?' என்பதுபோல் பார்க்கும். எதிரே சிவப்பு ஜாக்கெட் போட்ட ஒரு பெண்மணி மண்டியிட்டுப் புன்னகைப்பார். பின்னால் நீலநிறப் பனிமலை. வேறு மனித நடமாட்டமே கிடையாது. அந்தக் கப்பலில் கூட வந்த மற்ற நூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பேர் எங்கே போனார்கள் என்று நமக்குக் கேட்கத் தோன்றுவதில்லை.

அடுத்த டிசம்பரில் சின்னக் கப்பலில் அங்கே போய்வரலாம் என்று பணம் சேர்த்து வைத்திருப்பவர்கள் உங்களில் சிலராவது இருப்பீர்கள். ரிட்டையரான தம்பதிகள், வெளிநாட்டுப் பிள்ளைகள் டிக்கெட் எடுத்துக்கொடுக்கும் அப்பா அம்மாக்கள். ஆளுக்குப் பத்தாயிரம் டாலர் என்பது அங்கே சர்வசாதாரணம். விமானச் செலவு தனி. இத்தனை பணம் கொடுத்து வாங்குகிற சமாசாரத்தின் விளம்பரத்தை, ஒரு வாஷிங் மெஷின் விளம்பரத்தைப் படிக்கிற அக்கறையோடுகூட நாம் படிப்பதில்லை. நான் நாலைந்து ப்ரோஷர்களை ஒரு நாவலைப் படிப்பதுபோல முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். இந்த வாரம் அதற்கான விமர்சனம்.

முதலில் மொழி. இவர்கள் யாரும் 'டூர்' என்ற வார்த்தையை மறந்தும் சொல்வதில்லை. 'எக்ஸ்பெடிஷன்'தான். ஷாக்கிள்டனும் அமுண்ட்செனும் பக்கத்துக்குப் பக்கம் வருகிறார்கள். ஷாக்கிள்டனின் ஆட்கள் எலிஃபண்ட் தீவில் மாதக்கணக்கில் ஸீல் மாமிசமும் பென்குவின் மாமிசமும் தின்று உயிர்பிழைத்தார்கள். ப்ரோஷரில் அதற்கு அடுத்த பக்கத்திலேயே ஐந்து வகை டெஸர்ட். நான் பார்த்த ஒன்றில் சாப்பாட்டுக்கு ஆறு பக்கம், மசாஜுக்கு இரண்டு, உங்களைப் பனியில் கூட்டிக்கொண்டு நடக்கப்போகிற வழிகாட்டிகளுக்கு அரைப் பக்கம்.

அடுத்தது கணக்கு. 'பத்து நாள் அண்டார்டிகா' என்பார்கள். முதல் நாள் மாலை அர்ஜென்டினாவின் தென்கோடியில் உஷுவாயாவில் கப்பல் ஏறுகிறீர்கள். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் டிரேக் கடலில். சுமார் 800 கிலோமீட்டர் அகலம், கப்பல்காரர்களே மரியாதையாகப் பேசும் கடல். திரும்பிவர இன்னொரு இரண்டு நாள். பத்தாம் நாள் காலை டிபனைக் கொடுத்து இறக்கிவிட்டுவிடுவார்கள். ஆக, மிஞ்சுவது நாலே நாள். 'தினம் இரண்டு தடவை வரை கரையிறங்கலாம்' என்று போட்டிருப்பதில் கவனிக்க வேண்டிய வார்த்தை 'வரை'. காற்றடித்தால் ஒரு தடவை. பனி அடைத்துக்கொண்டிருந்தால் அதுவும் இல்லை. எல்லாம் கூடிவந்தால் மொத்தம் எட்டு. நீங்கள் கொடுக்கும் பணம் இந்த எட்டுக்குத்தான். மற்றதெல்லாம் போக்குவரத்து.

இந்த எட்டு எப்படிக் கரைகிறது என்பதில்தான் 'சின்னக் கப்பல்' என்ற சொல்லின் மாய்மாலம் இருக்கிறது. அண்டார்டிகாவில் ஓரிடத்தில் ஒரே நேரத்தில் நூறு பயணிகளுக்கு மேல் கரையில் நிற்கக் கூடாது. இருபது பேருக்கு ஒரு வழிகாட்டியாவது வேண்டும். ஐந்நூறு பேருக்கு மேல் ஏற்றிவந்த கப்பல் யாரையுமே இறக்கக் கூடாது. ஐயாட்டோ என்று கம்பெனிகளே 1991-ல் சேர்ந்து அமைத்துக்கொண்ட சங்கம் கடைப்பிடிக்கும் விதி இது. 2009-ல் அண்டார்டிக் உடன்படிக்கை நாடுகளும் இதையே தீர்மானமாக ஏற்றன.

ஒரு தடவை கரையிறங்க மூன்று மணி நேரம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு பேர் கப்பல் என்றால் எல்லோரும் இறங்கலாம், மூன்று மணியும் உங்களுடையது. இருநூறு பேர் என்றால் பாதிப் பேர் கரையில்; மீதிப் பேர் ஸோடியாக் எனும் ரப்பர் படகில் பனிக்கட்டிகளைச் சுற்றிவந்துவிட்டு முறை மாற்றிக்கொள்வார்கள். ஆளுக்கு ஒன்றரை மணி. ஐந்நூறு பேர் என்றால் கணக்குப்படி முப்பத்தாறு நிமிஷம். ஜாக்கெட்டைச் சரிசெய்து காமிராவை எடுப்பதற்குள் 'ஜருகண்டி' சொல்லிவிடுவார்கள். ஆனால் மூன்று ப்ரோஷரிலும் 'சிறிய கப்பல்' என்றுதான் இருக்கும். பொய்யும் இல்லை. ஐயாயிரம் பேரை ஏற்றிக்கொண்டு கரீபியனில் மிதக்கும் அடுக்குமாடிகளோடு ஒப்பிட்டால் ஐந்நூறும் சின்னதுதானே!

இதில் 199 என்றொரு எண் அடிக்கடி வரும், பாட்டா செருப்பு விலை மாதிரி. ஐயாட்டோ கணக்கில் 200 பேர் வரை ஒரு வகுப்பு, 201 முதல் 500 வரை இன்னொன்று. சில இடங்களுக்கு இரண்டாம் வகுப்புக் கப்பல்கள் போகவே முடியாது. அதனால் 260 பேர் கொள்ளும் கப்பல்கூட அங்கே 199 பேரோடு போகும். பாராட்ட வேண்டிய விஷயம்தான். இருந்தாலும் 199 என்பது இரண்டு பேட்ச் என்பதை மறக்க வேண்டாம்.

இந்தச் சின்னக் கப்பல் யோசனைக்குத் தகப்பன் லார்ஸ்-எரிக் லிண்ட்ப்ளாட் என்கிற, ஸ்வீடனில் பிறந்த அமெரிக்கர். 1966-ல் அர்ஜென்டினா கடற்படைக் கப்பல் ஒன்றை வாடகைக்கு எடுத்துச் சுற்றுலாப் பயணிகளை அண்டார்டிகாவுக்கு அழைத்துப் போனார். 1969-ல் இதற்கென்றே ஃபின்லாந்தில் ஒரு கப்பல் கட்டவைத்தார். பெயர் 'லிண்ட்ப்ளாட் எக்ஸ்ப்ளோரர்'. சிவப்பு நிறம், சுமார் நூறு பயணிகள். இன்றைக்கு எல்லா ப்ரோஷர்களும் விற்கிற கனவு, அந்தக் கப்பலின் நகல்தான். ஆராய்ச்சியாளர்கள் கூட வந்து பாடம் எடுப்பது, ரப்பர் படகில் கரைக்குப் போவது எல்லாம் அவர் போட்ட வழி.

ப்ரோஷர்கள் சொல்லாமல் விடுவது அந்தக் கப்பலின் பிற்கால சரித்திரம். 1972-ல் அண்டார்டிகாவில் தரைதட்டியது. சிலி கடற்படை வந்து பயணிகளைக் காப்பாற்றியது. பிறகு கைமாறிக் கைமாறி, 2007 நவம்பர் 23 அன்று தெற்கு ஷெட்லண்ட் தீவுகள் அருகே பனிக்கட்டியில் மோதி மூழ்கியது. அதிலிருந்த 154 பேரும் திறந்த உயிர்காப்புப் படகுகளில் மணிக்கணக்காகக் குளிரில் நடுங்கிய பிறகு, பக்கத்திலிருந்த 'நார்ட்நோர்கே' என்ற நார்வே கப்பல் வந்து ஏற்றிக்கொண்டது. ஒருவர்கூடச் சாகவில்லை. கப்பல் பதிவாகியிருந்த லைபீரிய அரசின் விசாரணை அறிக்கை, கேப்டன் எதிரே இருந்த பனியைத் தவறாக எடைபோட்டார், அதீத நம்பிக்கையோடு உள்ளே விட்டார் என்றது.

ஆகவே சின்னது என்றால் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லமாட்டேன். சின்னக் கப்பல்கள் டிரேக்கில் அதிகம் ஆடும். பலவற்றுக்கு வயதும் அதிகம். கம்பெனியின் பெயரைவிட, அந்தத் தேதியில் கப்பலை ஓட்டப்போகிறவர் எத்தனை சீஸன் பனிக்கடலில் ஓட்டியிருக்கிறார், எக்ஸ்பெடிஷன் லீடர் யார் என்று கேட்பது உபயோகமானது. டிராவல் ஏஜெண்ட் விழிப்பார். பரவாயில்லை, விசாரித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

பெரிய, புதிய கப்பல் என்றால் பயமில்லை என்றும் இல்லை. 2022 நவம்பர் 29 இரவு, 378 பேர் கொள்ளும் புத்தம்புதிய 'வைகிங் போலாரிஸ்' உஷுவாயாவை நோக்கித் திரும்புகையில் ஒரு ராட்சத அலை அடித்துக் கண்ணாடி ஜன்னல்கள் நொறுங்கின. ஓர் அமெரிக்கப் பெண்மணி இறந்துபோனார். 2019-க்குப் பிறகு வந்த புதுக் கப்பல்கள் சிலவற்றில் மூக்கைப் பின்பக்கம் சாய்த்து வைத்திருக்கிறார்கள், அலையில் மொத்துவது குறையும் என்று. சிலவற்றில் பாட்டரி. பாட்டரி படத்தைப் பெரிதாகப் போட்டு, அது எத்தனை நேரம் கப்பலை ஓட்டும் என்பதைச் சொல்லாமல் விட்டால் நீங்களே கேட்டுவிடுங்கள்.

கேபின் விஷயத்தில் ஒரு வேடிக்கை. விலை அதிகமான பால்கனி சூட்கள் மேல்தளத்தில். கப்பல் ஆடும்போது மிக அதிகம் ஆடுவதும் மேல்தளம்தான். கடல் கொந்தளித்தால் பால்கனிக்குப் போகக் கூடாது என்பார்கள். பணம் கொடுத்து வாங்கிய பால்கனியைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு, தலைசுற்றிப் படுத்திருக்கலாம். கீழே, நடுவில் இருக்கும் விலை குறைந்த கேபின் அவ்வளவு ஆடாது. இதைப் படத்தோடு விளக்கிய ப்ரோஷர் எதையும் நான் பார்க்கவில்லை.

அந்த மண்டியிட்ட பெண்மணிக்கு வருகிறேன். பறவைக் காய்ச்சல் 2023-ல் தெற்கு ஜார்ஜியா தீவுக்கும், 2024 பிப்ரவரியில் அண்டார்டிகப் பெருநிலத்துக்கும் வந்து சேர்ந்தது. அதனால் கரையில் உட்காராதே, மண்டியிடாதே, பையைக் கீழே வைக்காதே என்று சட்டம் போட்டுவிட்டார்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் பூட்ஸைக் கிருமிநாசினியில் முக்கி எடுக்க வேண்டும். பென்குவினிடமிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். படத்தை மட்டும் இன்னும் மாற்றாமல் விற்கிறவர்களை எப்படி நம்புவது?

கடைசிப் பக்கத்தில் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் வேறு வேறு மாதிரி எழுதியிருக்கிறார்கள்: நீங்கள் அண்டார்டிகாவின் 'தூதுவராக'த் திரும்புவீர்களாம். தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் வருஷத்துக்குச் சில ஆயிரம் தூதுவர்கள் போனார்கள். 2023-24 சீஸனில் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். கப்பல் சின்னதாக ஆக, இத்தனை பேருக்குக் கப்பல்களின் எண்ணிக்கை கூடும். தலைக்கு எரிகிற எண்ணெயும் கூடும். இதற்கு ப்ரோஷரில் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

போவது என்று தீர்மானித்துவிட்டால், ஐம்பது பக்க ப்ரோஷரில் நீங்கள் தேட வேண்டியது, எத்தனை பேர், எத்தனை நாள் டிரேக்குக்கு அப்பால், எத்தனை வழிகாட்டிகள் என்பதுதான். நூறு சொச்சம் பேர், பழைய கப்பல், ஸ்பா இல்லை, பன்னிரண்டு நாள் என்று ஒன்று கிடைத்தால் அதுவே என் தேர்வு. டிரேக்குக்குப் பயந்தவர்கள் சிலியின் புன்டா அரீனாஸிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்தில் கிங் ஜார்ஜ் தீவில் போய் இறங்கி அங்கே கப்பல் பிடிக்கலாம். வானிலை கெட்டால் ஓட்டலிலேயே ஓரிரு நாள் போய்விடும்.

அப்பா அம்மாவை அனுப்புகிறவர்கள் ஒன்றை யோசியுங்கள். ஆடும் படகில் ஏறி இறங்கி, வழுக்கும் பாறையில் கால்வைக்க முழங்கால் ஒத்துழைக்க வேண்டும். ஒத்துழைக்காது என்றால், யாரையும் இறக்காமல் ஓரமாகச் சுற்றிக்காட்டிவிட்டுத் திரும்பும் பெரிய கப்பல் கேவலம் ஒன்றும் இல்லை. விலை குறைவு, ஆட்டமும் குறைவு. திமிங்கிலம் டெக்கிலிருந்தே தெரியும்.