சூழ்நிலைக் கோட்பாடும் கீழத்தஞ்சையும்

தலைமைக்குரிய குணங்கள் சிலரிடம் இயல்பாகவே அமைந்துள்ளன என்பது பண்புக் கோட்பாடு. குணங்கள் மட்டும் ஒருவரைத் தலைவராக்குவதில்லை என்று 1948இல் ஸ்டாக்டில் காட்டினார். 1960களில் ஃபிரெட் ஃபீட்லர் முன்வைத்த சூழ்நிலைக் கோட்பாடு, தலைவருக்கும் உறுப்பினருக்கும் உள்ள உறவு, பணியின் தெளிவு, பதவி அதிகாரம் ஆகிய மூன்றையும் அளந்தது. மூன்றும் மிகக் குறைவான இடத்தில், உறவை விடப் பணியை முன்னிறுத்துபவரே வெல்வார் என்பது அதன் முடிவு.

திருக்காட்டுப்பள்ளி போன்ற தலைமடை ஊர்களைத் தாண்டி, மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி எனக் கிழக்கே விரியும் நெல்வயல் பகுதி கீழத்தஞ்சை. 1940களில் அங்கே பண்ணையாட்களைத் திரட்டிய பி. சீனிவாசராவ் வேற்று மொழியினர், வேற்றுச் சாதியினர். பதவி ஏதும் இல்லை. எதிர்த்துப் பேசிய பண்ணையாளுக்குச் சாட்டையடியும் சாணிப்பாலும் காத்திருந்தன. ஃபீட்லரின் கணக்கில் இதைவிடப் பாதகமான சூழல் அரிது. ஆனால் சீனிவாசராவ் முதலில் செய்தது சேரிகளில் தங்கி உறவை உண்டாக்கியதுதான். சங்கம் வளர்ந்தது; 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் வந்தது.

ஃபீட்லர் சோதித்தவை கூடைப்பந்து அணிகள், விமானப்படைக் குழுக்கள் முதலியன. யாரோ முன்பே கூட்டிவைத்த குழுக்கள். குழுவே இல்லாத இடத்தில் அதை உண்டாக்குவது அவருடைய அளவுகோலுக்குள் வரவில்லை. இதைவிடப் பெரிய குறை, அடி விழும் என்று தெரிந்தே சங்கத்தில் சேர்ந்த பண்ணையாட்களின் துணிவுக்கு இக்கோட்பாட்டில் இடமே இல்லை என்பது.