அந்த வெள்ளைப் பெட்டி யாருக்கு?

வீட்டுக்கு ஃபைபர் வந்த நாளிலிருந்து அந்த வெள்ளைப் பெட்டியோடு மல்லுக்கட்டுதான். டிஎன்எஸ்ஸைக்கூட மாற்ற விடாது. பின்னால் சொந்த ரூட்டரை மாட்டினால் இரட்டை நாட். பிரிட்ஜ் மோடு கேட்டேன். "அதெல்லாம் தர மாட்டாங்க சார், பாதுகாப்புப் பிரச்சனை" என்றார் வந்த தம்பி.

இதில் பாதி நியாயம் உண்டு. ஜிபான் அமைப்பில் ஒரே இழையை 32, 64 வீடுகள் என்று பங்குபோடுகின்றன. தரவு அனுப்ப ஒவ்வொரு வீட்டுக்கும் முறைவைத்து நேரம் ஒதுக்குவார்கள். ஒரு ஓஎன்டி முறைதவறி 1310 நானோமீட்டர் ஒளியைக் கொட்டினால் பக்கத்து வீடுகளும் படுத்துவிடும். சரி, ஓஎன்டி அவங்களுடையதாகவே இருக்கட்டும். ரூட்டரின் வேலை அதற்கு அப்புறம்தானே? இரண்டையும் ஒரே டப்பாவில் அடைத்து, ஒன்றுக்கான காரணத்தை மற்றதற்கும் சொல்வதுதான் எனக்கு ஒப்பவில்லை.

பாதுகாப்பு பற்றிப் பேசுபவர்கள் 2016 நவம்பரைப் பார்க்கணும். ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேரின் இணைப்பு முடங்கியது. தாக்குதல் குறிவைத்தது, ரூட்டரைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கப் பயன்படும் 7547 போர்ட்டை. அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் அங்கே விருப்பப்பட்ட ரூட்டரை வைத்துக்கொள்ளச் சட்டமே இடம் கொடுத்திருந்தது.

எனக்கு நாலாவது போனில் பிரிட்ஜ் கிடைத்தது. விலான் எண், பிபிபிஓஇ பயனர் பெயர், கடவுச்சொல். பத்து நிமிட வேலை. ஃபர்ம்வேர் புதுப்பிப்பது மட்டும் இனி என் தலையில். போன மாசம் மறந்தே போனேன்.