துளையில்லாப் பிடிப்பு

திருப்பதியின் கார் அலங்காரக் கடைகளில் கதவுக்கு பீடிங் எனும் பிளாஸ்டிக் பட்டை ஒட்டுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். வேலையில் பெரும்பங்கு துடைப்பதுதான். கதவில் மெழுகோ மலைச்சாலைத் தூசியோ இருந்தால் பட்டையின் பின்னுள்ள டேப் பிடிக்காது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் கதவைத் துடைத்து, காயவிட்டு, டேப்பின் சிவப்பு மேல்தாளை உரித்து, ஒரு முனையிலிருந்து அழுத்திக்கொண்டே போவார்கள். துளை போடுவதில்லை, அந்த வழியாகத் துரு ஏறவும் வாய்ப்பில்லை. கைவேலையில் இதைவிடச் சுத்தமானது அரிது.

3எம் நிறுவனம் 1980இல் கொண்டுவந்த இந்த அக்ரிலிக் நுரை டேப்பின் அருமை அதன் நெகிழ்வு. திருப்பதி வெயிலில் பிளாஸ்டிக், இரும்பைவிட அதிகம் விரியும். நடுவிலுள்ள நுரை இழுபட்டு இரண்டுக்கும் ஈடுகொடுக்கும். பசை மெல்லப் பரவி முழுப் பிடிப்பு பெற 72 மணி நேரமாகும். அதுவரை வண்டியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவாதீர்கள்.