மிலாறு நெருப்பு

தை மாதத்து வானம் மேகமில்லாமல் துடைத்துவிட்டதுபோல் இருந்தால், இலங்கை மலையகத்துப் பூண்டுலோயாவின் தேயிலைத் தோட்ட லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) சாயங்காலமே மிலாறுக் கட்டு வீட்டுக்குள் வந்துவிடும். மேகம் மூடாத இரவில் நிலத்துச் சூடு வானத்துக்குப் போய்விடுகிறது. குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளங்களில் தேங்குகிறது. 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அப்படியொரு விடியலில் உறைபனியால் புல் வெளுக்கும், தேயிலைக் கொழுந்து கருகும். பூண்டுலோயா அதைவிடத் தாழ்வுதான். ஆனாலும் விரல் மடங்காது.

மிலாறு, கவ்வாத்து வெட்டில் விழும் தேயிலைக் கிளை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடிகளை மலை மலையாகக் கவ்வாத்து வெட்டுவார்கள். முறுக்கேறிய குச்சி, காய்ந்தால் நின்று எரியும். கொழுந்து கொடுத்த செடி, வெட்டுப்பட்ட பிறகும் கொழுந்து பறித்தவளின் கையைச் சூடாக்குகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் இளகிவிடும்.

லயத்தின் அடுத்த காம்பராவில், அதாவது பக்கத்து வீட்டில், அடுப்பு அணைந்தால் தகரத்தில் தணல் போகும். தணல் வாங்க வரும் அக்கா, "மாட்டுக்குப் புல்லு போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் திரும்புவார். பசுவுக்கு அன்று ஒரு கட்டுப் புல் கூடுதல். அசைபோடும் வயிறே அதற்கு அடுப்பு. கன்றுக்கு முதுகில் சாக்கு, கீழே காய்ந்த மானாப்புல். நாய் சாம்பல் ஓரத்தில் சுருண்டுகொள்ளும்.

விடிகாலையில் இஞ்சி தட்டிய சாயத்தண்ணி, உள்ளங்கையில் கொஞ்சம் சீனி. ஒரே கம்பளிக்குள் இரண்டு பிள்ளைகள். கொட்டிலில் பசுவின் மூச்சு புகையாய் எழும்.