ஒடிசா கேப்ஸ்யூலும் பாகூர் சாஷேயும்

பாகூரில் இருக்கும் தங்கச்சி வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ப்ரோபயாட்டிக் சாஷே. "குழந்தைக்கு எதிர்ப்பு சக்தி கூடுமாம்ண்ணா. ஒடிசால பெரிய ஆராய்ச்சி பண்ணி நேச்சர்லயே வந்திருக்காமே. குடுக்கலாமா?" குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள். 34 வாரத்தில் பிறந்தது, எடை 1.8 கிலோ.

நான் டாக்டர் இல்லை, கோடு எழுதிப் பிழைப்பவன். ஆனால் அந்தக் கட்டுரையை ஏற்கெனவே இரண்டு தடவை படித்திருந்தேன். மரியாதையும் உண்டு, புகாரும் உண்டு. "டாக்டர்கிட்ட காட்டாம ஒரு சொட்டு கூட குடுக்காத" என்று பதில் போட்டுவிட்டு மூன்றாவது தடவை படிக்க உட்கார்ந்தேன்.

பினாகி பாணிக்ராஹி குழுவினரின் கட்டுரை, 2017இல் வந்தது. ஒடிசாவின் கிராமங்களில் 4,556 பச்சிளம் குழந்தைகள். ஒரு பாதிக்கு லாக்டோபேசிலஸ் பிளான்டாரம் என்ற பாக்டீரியாவும் அதற்குத் தீனியாக ஒருவகைச் சர்க்கரையும், ஏழு நாள். மறுபாதிக்கு வெத்து மருந்து. அறுபது நாள் கண்காணித்தார்கள். செப்சிஸ் அல்லது இறப்பு, வெத்து மருந்துக் குழந்தைகளில் 9 சதவீதம், மருந்து குடித்தவர்களில் 5.4. அதாவது 40 சதவீதம் குறைவு. இவ்வளவு மலிவான மருந்தில் இப்படி ஒரு விளைவு அடிக்கடி பார்க்கக் கிடைக்காது.

எனக்குப் பிடித்த இடம் வேறு. நுரையீரல் தொற்றும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. வாய் வழியாகக் குடலுக்குப் போன பாக்டீரியாவுக்கு நுரையீரலில் என்ன வேலை? குடலின் உள்சுவர் ஒற்றைச் செல் அடுக்குதான். அதற்கு அடியிலேயே நம் நோயெதிர்ப்புச் செல்களின் பெரிய முகாம் இருக்கிறது. பாக்டீரியாவே இல்லாமல் வளர்த்த எலிகளில் அந்த முகாம் சரியாக வளர்வதில்லை, ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதமும் கொஞ்சம்தான் சுரக்கிறது. ஆக, முதல் வாரத்தில் வந்து சேரும் பாக்டீரியாக்கள் அந்தச் செல்களைப் பழக்குகின்றன, பழகிய செல்கள் ரத்தத்தில் மற்ற உறுப்புகளுக்கும் போகின்றன என்று ஊகிக்கலாம்.

இங்கேதான் என் முதல் புகார். இந்தச் சோதனை அந்த ஊகத்தை நிரூபிக்கவில்லை. பாக்டீரியா எதிர்ப்பு சக்தியைப் பழக்கியதா, கெட்ட கிருமிகளுக்கு இடம் விடாமல் உட்கார்ந்துகொண்டதா, குடல் சுவரை இறுக்கியதா? தெரியாது. போதாததற்குப் பாக்டீரியாவும் சர்க்கரையும் ஒரே கேப்ஸ்யூலில். ஒரே கமிட்டில் இரண்டு மாற்றம் செய்துவிட்டு பக் சரியானது எதனால் என்று கேட்டால் என் டீமில் யாரும் விடமாட்டார்கள்.

இரண்டாவது, சோதனையைத் திட்டமிட்ட எண்ணிக்கை வரும் முன்பே நிறுத்திவிட்டார்கள், பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால். அறம் சார்ந்து அது சரி. ஆனால் முன்னதாக நிறுத்தும் சோதனைகள் பலனைக் கொஞ்சம் ஊதிக் காட்டும் என்பது பழைய புள்ளியியல் பாடம். இறந்த குழந்தைகள் இரு பக்கமும் விரல்விட்டு எண்ணும் அளவுதான், வித்தியாசம் காட்டியது செப்சிஸ். "குழந்தை மரணத்தை 40 சதவீதம் குறைக்கும்" என்று சுற்றும் ஃபார்வர்டு பச்சைப் பொய்.

மூன்றாவது கட்டுரையின் குற்றமல்ல, படிப்பவர்களின் குற்றம். நூற்றுக்கு ஒன்பது பேருக்கு வரும் இடத்தில் 40 சதவீதம் குறைந்தால், ஏறக்குறைய 28 குழந்தைகளுக்குக் கொடுத்து ஒரு குழந்தையைக் காக்கிறோம். நூற்றுக்கு இரண்டு பேருக்கே வரும் ஊரில் அதே மருந்து அதே வேலையைச் செய்தாலும் 125 குழந்தைகளுக்குக் கொடுக்கவேண்டும். வில்லியனூரோ பாகூரோ எந்தக் கணக்கில் வரும் என்று பார்க்காமல் ஒடிசாக் கணக்கை இங்கே ஒட்டமுடியாது.

குடல் பாக்டீரியாவைக் கொஞ்சம் தட்டினால் எதிர்ப்பு சக்தி எகிறும் என்று நம்புபவர்கள் நம் பக்கத்து வேலூரையும் பார்க்கவேண்டும். வாய்வழி போலியோ சொட்டு மருந்து நம் ஊர்க் குழந்தைகளிடம் பணக்கார நாடுகளைப் போல வேலை செய்வதில்லை. குடலில் இருக்கும் கிருமிகள்தான் காரணம் என்ற சந்தேகத்தில், வேலூரில் 754 குழந்தைகளை எடுத்து, ஒரு பாதிக்கு மூன்று நாள் அசித்ரோமைசின் கொடுத்துவிட்டுச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். 2016இல் முடிவு வந்தது. நோய்க்கிருமிகள் குறைந்தன. எதிர்ப்புப் புரதம் உருவானது மருந்து குடித்தவர்களில் 50 சதவீதம், குடிக்காதவர்களில் 54. பலன் இல்லை! ஒடிசாவைப் பகிர்ந்த ஒருவரும் இதைப் பகிரவில்லை.

இப்போது சாஷே. அட்டையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒடிசாவில் கொடுத்த பாக்டீரியாவே இல்லை, வேறு இனம். ஒரே இனமாக இருந்தாலும் ஒவ்வொரு திரிபும் வேறு. பாணிக்ராஹி குழு பல திரிபுகளைச் சோதித்துத்தான் ஒன்றைப் பிடித்தது. அதைவிட முக்கியம்: ஒடிசா சோதனையில் 35 வாரமும் 2,000 கிராமும் தாண்டிய, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளைத்தான் சேர்த்தார்கள். எங்கள் வீட்டுக் குழந்தை இரண்டு எல்லைக்கும் கீழே. 2023 அக்டோபரில், ப்ரோபயாட்டிக் கொடுக்கப்பட்ட குறைமாதக் குழந்தை ஒன்று அதே பாக்டீரியா ரத்தத்தில் பரவி இறந்ததையடுத்து, அமெரிக்காவின் எஃப்டிஏ மருத்துவர்களை எச்சரித்தது. குடலில் நண்பனாக இருப்பவன் ரத்தத்தில் நண்பன் இல்லை.

தங்கச்சிக்கு இதில் பாதியைத்தான் சொன்னேன். தாய்ப்பாலிலேயே குழந்தையால் செரிக்கமுடியாத சர்க்கரைகள் இருக்கின்றன, அவை குடல் பாக்டீரியாவுக்கான தீனி என்றதும் "அப்ப என்கிட்டயே இருக்கா?" என்றாள். மறுநாள் டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். அவர் சாஷேயை மேசையில் ஓரமாக வைத்துவிட்டு, எடை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்தாராம். 1.94.